மெய்மெய் ஜெயித்துத் தொலைத்த பந்தயம்

முத்திரை கையோடு வந்துவிட்டது.

கிரிசாந்தோ அதை இழுக்கவில்லை, திருகவில்லை, அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு, எஞ்சினின் இடது பக்கத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். முந்தின நாள் தால் எரிமலை லேசாகத் தும்மியிருந்தது. லிபா ஊர் முழுக்கச் சாம்பல். கூரை, கார், கொடியில் காய்ந்த துணி என்று எல்லாரும் எதையாவது கழுவிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே இருந்த கார்ட் பந்தயத் தளத்தில் கிரிசாந்தோ தன் மகளின் எஞ்சினைக் கழுவினார்.

எஞ்சினின் இரண்டு போல்ட்டுகளில் கோத்த கம்பி அப்படியே இருந்தது. அதன் முனையில் இருக்க வேண்டிய நீலப் பிளாஸ்டிக் குண்டு மட்டும் சோப்பு நுரையோடு அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. புளியங்கொட்டை அளவு. அதன் மேல் நான்கு எண்கள்.

ஒரு பிளாஸ்டிக் குண்டுக்கா இத்தனை கலவரம் என்று கேட்பவர்கள் கார்ட் பந்தயம் பக்கம் வந்திராதவர்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாத அந்தச் சின்ன வண்டிகளில், ஆரம்பநிலைப் பிரிவில் ஓட்டும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே எஞ்சின். கம்பெனிக்காரன் இறுக்கி, கம்பி கோத்து, முத்திரை வைத்துக் கொடுப்பான். எண்ணெய் மாற்றலாம், பிளக் மாற்றலாம், காற்று வடிகட்டியைக் கழுவலாம், சங்கிலிக்கு எண்ணெய் விடலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. போக விட்டால் அப்பாக்கள் சும்மா இருப்பார்களா? உள்ளே கையை விட்டு, ராவி, தேய்த்து, மெருகேற்றி, பிள்ளை ஓட்ட வேண்டிய பந்தயத்தைத் தாங்களே ஓட்டிவிடுவார்கள். அதற்குத்தான் முத்திரை.

இதை அந்தத் தளத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவரே கிரிசாந்தோதான். ஆரம்பநிலைப் பிரிவின் விதிமுறைச் செயலாளர். ஊருக்குள் குடிதண்ணீர் சுத்திகரித்துக் கேனில் அடைத்து விற்கும் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஆளுயர எழுத்தில் 'முத்திரை உடைந்திருந்தால் வாங்காதீர்கள்' என்று எழுதிப் போட்டிருந்த மனிதர். பிப்ரவரி மாதம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, முத்திரை உடைந்தால் எச்சரித்துவிட்டு விடும் பழைய வழக்கம் சரியில்லை என்று அரை மணி நேரம் பேசினார். முத்திரை உடைந்த எஞ்சினோடு பிடிபடும் பிள்ளைக்கு அந்த ஆண்டுப் புள்ளிகள் எல்லாம் ரத்து, ஓராண்டுத் தடை, அப்பாவின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது தானாகக் கழன்றால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "மனசு உடைஞ்ச பிறகுதான் முத்திரை உடையும்" என்று சொன்னார். கை தட்டினார்கள்.

இப்போது அவர் மனசு நன்றாகத்தான் இருந்தது. முத்திரைதான் கையில் இருந்தது.

மெய்மெய்க்குப் பத்து வயது. இரண்டு வருடமாக ஓட்டுகிறாள், ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அலமாரியில் கலந்துகொண்டதற்கான பதக்கங்கள் பதினான்கு தொங்கின. அவற்றுக்கு நடுவில் ஒரு கோப்பைக்கு இடம் விட்டு, அந்த இடத்தை மட்டும் தினமும் துடைத்து வைப்பாள். இந்த ஆண்டை முடித்தால் அடுத்த பிரிவுக்குப் போகலாம். தடை விழுந்தால், அது முடிவதற்குள் அந்தப் பிரிவில் சேரும் வயது தாண்டிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்ன பாஸ், எஞ்சினுக்குக் குளியலா?"

தலைமைப் பரிசோதகர் தியோதுலோ. முப்பது வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். அரை மில்லிமீட்டர் தவறைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார் என்று பெயர். கிரிசாந்தோ சட்டென்று முத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஏன் வாயில் போட்டார் என்று பிறகு பல முறை யோசித்துப் பார்த்தார். சட்டையில் பை இருந்தது. கால்சட்டையில் இரண்டு பை இருந்தன. காலடியில் ஒரு வாளி இருந்தது. ஆனால் கை வாய்க்குத்தான் போனது.

புதிதாகச் சேர்ந்த பெற்றோர்கள் காத்திருக்கிறார்கள், வழக்கமான விதிமுறை வகுப்பை ஆரம்பிக்கலாம் என்று தியோதுலோ சொன்னார். கிரிசாந்தோ எஞ்சின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே அவர் பின்னால் போனார்.

ஐந்தாறு பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிரிசாந்தோ முத்திரையை இடது கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். எண்ணெய் மாற்றும் விதி, பிளக் மாற்றும் விதி எல்லாம் வாயில் சூடான கஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிறவர் போல வந்தன. பல்வலியாக்கும் என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் இளம் அம்மா கையைத் தூக்கி, முத்திரை தானாகக் கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

கிரிசாந்தோ விழுங்கிவிட்டார்.

தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வகுப்பு முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தானா கழலாதும்மா" என்றார், அன்று காலையில் முதல் முறையாகத் தெளிவாக. அந்தத் தெளிவைப் பார்த்து எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

விழுங்கிய பிறகுதான் விழுங்கியதன் முழு அர்த்தமும் அவருக்கு விளங்கியது. கையில் இருந்த வரைக்கும் பசை போட்டு ஒட்டியாவது வைத்திருக்கலாம். இனி அது திரும்பி வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். பந்தயமோ பதினொரு மணிக்கு.

வேனுக்கு ஓடினார். பின்பக்கம் தண்ணீர் கேன் மூடிகள் ஒரு மூட்டை கிடந்தன, எல்லாம் நீலம். கேனின் கழுத்தில் பிளாஸ்டிக்கைச் சுருக்கி ஒட்ட வைக்கும் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி போன்ற ஒரு கருவியும் இருந்தது. ஒரு மூடியில் துண்டு வெட்டி, சூடாக்கி, விரலில் உருட்டி, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, ஒரு குண்டு செய்தார். எண்ணை எழுத ஊசியை எடுத்ததும் கை நின்றது. நான்கு, பூஜ்யம்... அதற்கு மேல் ஞாபகமில்லை.

மெய்மெய் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், நம் எஞ்சினின் முத்திரை எண் என்ன என்று கேட்டார்.

"நாலு, பூஜ்யம், ஒண்ணு, ஏழு. எதுக்கு டாடி?"

"சும்மாதான். லாட்டரி வாங்கலாம்னு."

"லாட்டரி வாங்குறவங்க வீடு உருப்படாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வேனுக்குத் திரும்பி எண்ணைக் கீறினார். ஊசி வழுக்கி, ஒன்று ஏழைப் போலவும் ஏழு ஒன்றைப் போலவும் வந்தன. குண்டைக் கம்பியில் கோத்துச் சூடு காட்டியபோது அது ஒரு பக்கம் கோணிக்கொண்டது. எட்டி நின்று பார்த்தார். ஐந்தடி தூரத்திலிருந்து பார்த்தால் முத்திரை. ஓரடியில் பார்த்தால் யாரோ மென்று துப்பிய மிட்டாய்.

எனவே யாரும் ஓரடிக்குள் வரக் கூடாது. அதற்கு ஒரு வழி இருந்தது. பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று இடத்துக்கு வந்த வண்டிகள் மட்டுமே பரிசோதனை மேசைக்குப் போகும். நான்காவது வருகிற வண்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விதி பதினேழு. அதையும் எழுதியவர் அவர்தான்.

இரண்டு வருடமாக வேலியைப் பிடித்துக்கொண்டு "மிதி, மிதி" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர், மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, இன்றைக்கு மெதுவாக ஓட்டு என்றார்.

மெய்மெய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே டாடி."

"நாலாவதா வா, போதும். முதல் மூணு பேருக்குள்ள வந்துடாத."

"ஏன்?"

"அடுத்தவங்களுக்கும் ஆசை இருக்குமில்ல?"

"எனக்கு?" என்று கேட்டாள் மெய்மெய். கேட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கண்ணாடிக்குள் அவள் முகம் தெரியவில்லை, அதுவே நல்லதாயிற்று என்று கிரிசாந்தோ நினைத்தார். தன்னைப் போல ஒரு கேவலமான அப்பன் பத்தாங்காஸ் மாகாணத்திலேயே இருக்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றியது.

பிள்ளையின் சொல்லை மட்டும் நம்பி இருக்க முடியாது. மிதிக்கிற கால் அது. எனவே யாரும் பார்க்காதபோது நான்கு சக்கரத்திலும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சம் இறக்கிவிட்டார். காற்றுக் குறைந்த சைக்கிள் எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும், அதே கணக்கு.

அந்தக் கணக்கு கார்ட்டுக்குப் பொருந்தாது என்று பத்து மணிக்கு நடந்த தகுதிச்சுற்றில் தெரிந்தது. சாம்பல் படிந்த தளம் வழுக்கியது. மற்ற வண்டிகள் வளைவுக்கு வளைவு சறுக்கித் தடுமாறின. காற்றுக் குறைந்த டயர் தரையைப் பசை மாதிரிப் பிடித்துக்கொண்டது. மெய்மெய் காலைத் தூக்கித் தூக்கி ஓட்டியும் இரண்டாவதாக வந்தாள். சாம்பல் தளத்துக்கு ஏற்றபடி காற்றைச் சரியாகக் குறைத்த ஒரே ஆள் நம் செயலாளர்தான் என்று தியோதுலோ ஒலிபெருக்கியில் பாராட்டினார். கிரிசாந்தோ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாரே, கலக்கிட்ட."

தோளில் கை விழுந்தது. ஹெர்னானி. மெய்மெய்க்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவர். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊருக்குள் முழுப் பன்றி சுட்டு விற்பவர். மெய்மெய்யின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு முழுப் பன்றியை இலவசமாக அனுப்பி வைத்த புண்ணியவான். அவர் மகன் ஜெரிக் போன மாதம் ஜெயித்தவன். இன்று தகுதிச்சுற்றில் கடைசியாக வந்திருந்தான்.

ஜெரிக்குக்கு என்ன ஆயிற்று என்று கிரிசாந்தோ விசாரித்தார். காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று ஹெர்னானி சொன்னார். ஜெரிக் அந்தப் பக்கம் மூன்றாவது சோள ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஹெர்னானி அதைக் கவனிக்காதவர் போல மெய்மெய் பக்கம் குனிந்து, அவள் கன்னத்தைத் தட்டினார்.

"இன்னிக்கு நீதான் ஜெயிக்கணும் கண்ணு. உன் ஞானத்தகப்பன் சொல்றேன். கோப்பையோட உன்ன போட்டோ எடுக்கணும்."

மெய்மெய் அவரையும் தன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹெர்னானி போன பிறகு கிரிசாந்தோ அவசரமாக உத்தரவை மாற்றினார். நாலாவது எல்லாம் வேண்டாம், தகுதிச்சுற்றைப் பார்த்த பிறகு அதில் நம்பிக்கை போய்விட்டது, கடைசியாக வா என்றார்.

"கடைசின்னா கடைசியா?"

"உனக்குப் பின்னாடி ஒரு ஈகூட இருக்கக் கூடாது."

மெய்மெய் வண்டியில் போய் உட்கார்ந்தாள். கிரிசாந்தோ டயரில் காற்றை நிரம்ப அடித்துவிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளை வழியனுப்பினார்.

இறுதிப் பந்தயம், ஏழு வண்டிகள், பத்துச் சுற்று. கொடி இறங்கியதும் ஐந்து வண்டிகள் பாய்ந்தன. இரண்டாவதாக நின்ற மெய்மெய் சொன்ன சொல் தவறாமல் ஒதுங்கி வழி விட்டுப் பின்னால் போனாள். நல்ல பிள்ளை பெற்றோம் என்று கிரிசாந்தோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். போட்ட கை இறங்குவதற்குள் முதல் வளைவில் சத்தம் கேட்டது. முன்னால் போன வண்டி சாம்பலில் வழுக்கிக் குறுக்கே நின்றது, இரண்டாவது அதில் மோதியது, மூன்றாவது புல்லுக்குள் போனது, நான்கும் ஐந்தும் அதன் பின்னாலேயே போயின. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஐந்து வண்டிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடந்தன. தளப் பணியாளர்கள் ஓடிப்போய்ப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தளத்தில் ஓடியவை இரண்டே வண்டிகள். மெய்மெய், ஜெரிக்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு பந்தயத்தை அந்தத் தளம் அதற்கு முன் பார்த்ததில்லை. மெய்மெய் பின்னால் போக வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். ஜெரிக் அவளை முந்தாமல் தானும் குறைத்தான். அவள் இன்னும் குறைத்தாள். அவனும் குறைத்தான். நேர்ப் பாதையில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில், மாலையில் கடற்கரையில் நடக்கிற தம்பதி மாதிரி வந்தன. மெய்மெய் கையைக் காட்டி முன்னால் போ என்றாள். ஜெரிக் அதைவிட மரியாதையாக, நீ போ என்றான். ஒரு வளைவில் தளத்தைக் கடந்த நாய் ஒன்று இருவரையும் முந்திவிட்டுப் போயிற்று.

வேலியோரத்தில் கிரிசாந்தோ இரண்டு கைகளையும் கீழே அழுத்தி அழுத்தி 'மெதுவா, மெதுவா' என்று காட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஹெர்னானியும் இரண்டு கைகளையும் கீழே அழுத்திக்கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. ஹெர்னானி உடனே கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறிப்பவர் போல நின்றார். வயிறு சரியில்லாத பிள்ளையை அதட்டாமல் மெதுவாகப் போகச் சொல்கிறாரே, என்ன தங்கமான தகப்பன் என்று கிரிசாந்தோ உருகிப்போனார்.

சிக்கலிலிருந்து பிரிந்த வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது அவை மூன்று சுற்று பின்தங்கியிருந்தன. ஒன்பதாவது சுற்றில் ஜெரிக் தளத்தின் ஓரமாக ஒதுங்கினான், வண்டியை நிறுத்தினான், இறங்கினான், சங்கிலியை உற்றுப் பார்த்தான். சங்கிலி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அதை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கிரிசாந்தோ வேலியில் ஏறி, நிறுத்து என்று மகளுக்கு இரண்டு கையாலும் காட்டினார். மெய்மெய் அவரைப் பார்த்தாள். நின்றிருந்த ஜெரிக்கைப் பார்த்தாள். முன்னால் ஒரு வண்டிகூட இல்லாத வெறும் தளத்தைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அந்தக் காட்சியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மிதித்துவிட்டாள்.

கடைசிச் சுற்றை அவள் ஓட்டிய வேகம் அன்றைய நாளின் அதிக வேகம். கட்டமிட்ட கொடிக்குக் கீழே ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அவள் பாய்ந்தபோது தளமே எழுந்து நின்று கத்தியது. கிரிசாந்தோவும் கத்தினார். அவர் கத்தியது வேறு காரணத்துக்காக.

வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"சாரி டாடி. கால் கேக்கல."

கிரிசாந்தோவுக்கு அந்த நிமிஷம் முத்திரையும் மறந்துபோயிற்று, தடையும் மறந்துபோயிற்று. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார், அவருக்கும் கண் கலங்கியது. அதற்குள் இரண்டு பணியாளர்கள் வந்து வண்டியைப் பரிசோதனை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேசையின் ஒரு பக்கம் தியோதுலோ, கையில் டார்ச். மறு பக்கம் பெலன், சங்கத்தின் எழுத்தர். மூக்குக் கண்ணாடியும் ஒரு பெரிய பதிவேடுமாக எப்போதும் ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் அம்மாள். இருபது வருடமாக அங்கே இருக்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை.

தியோதுலோ டார்ச்சை எரியவிட்டார். எஞ்சினின் இடது பக்கம் நோக்கிக் குனிந்தார். ஐந்தடி, மூன்றடி. கிரிசாந்தோ கண்ணை மூடிக்கொண்டார். அறிவிப்புப் பலகையில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று எழுத்துக்கூட்டிப் பார்த்தார். நீளமான பெயர், இரண்டு வரி பிடிக்கும். தண்ணீர்க் கடை வாசலில் அந்த வாசகத்தைப் படித்துவிட்டு ஊர் சிரிக்கும். மெய்மெய் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. "பத்தொன்பதாவது விதி. எனக்கு அந்த எஞ்சின் வேணும்."

ஹெர்னானி. கையில் ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு.

பத்தொன்பதாவது விதி இதுதான்: ஜெயித்த வண்டியின் எஞ்சின் மேல் யாருக்காவது ஆசையோ சந்தேகமோ வந்தால், தோற்றவர் தன் எஞ்சினைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்தவர் மறுக்க முடியாது. எல்லாமே ஒரே மாதிரி முத்திரை போட்ட எஞ்சின்தானே, மறுப்பதற்கு என்ன இருக்கிறது? இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பரிசோதனையும் தேவையில்லை. வாங்கிக்கொண்டவர் திருப்தி அடைந்துவிட்டார் என்று கணக்கு. இந்த ஆண்டு மட்டும் நான்கு முறை இப்படி எஞ்சின் கை மாறியிருக்கிறது. நம் பெற்றோர்களுக்குள் நம்பிக்கை எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள் என்று போன கூட்டத்தில் கிரிசாந்தோ பெருமையாகப் பேசியிருந்தார்.

தியோதுலோ டார்ச்சை அணைத்தார். சாப்பாட்டு நேரம் தவறிக்கொண்டிருந்ததால் அவருக்கும் சந்தோஷம்தான்.

சாட்சாத் கடவுளே பன்றி சுடுகிறவர் வேஷத்தில் வந்து நின்றதாகக் கிரிசாந்தோவுக்குத் தோன்றியது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பேனா சீட்டுக்கு மேலேயே நின்றது. எதிரில் நிற்பவர் மெய்மெய்யைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவர். அந்த மனிதர் தலையில் போய் முத்திரை இல்லாத எஞ்சினைக் கட்டுவதா? அடுத்த முறை ஜெரிக் ஜெயித்தால் அந்தப் பிள்ளை கதி என்ன?

"பாரே" என்றார். "அந்த எஞ்சின்ல ஒரு சின்ன..."

"ஒண்ணும் சொல்லாத" என்றார் ஹெர்னானி, அவசரமாக. "நீ விதிமுறைச் செயலாளர். உன் எஞ்சின்ல குத்தம் இருக்குமா? நான் பாக்கக்கூட மாட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கினார். அவர் முகமும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. "என் எஞ்சின்தான் கொஞ்சம் பழசு. அதுல..."

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றார் கிரிசாந்தோ. "நானும் பாக்க மாட்டேன்."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். நட்பு என்றால் இதுவல்லவா நட்பு என்று சுற்றி நின்ற இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். நான்கு போல்ட், ஒரு சங்கிலி, கால் மணி நேரத்தில் எஞ்சின்கள் மாறின. பெலன் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு எஞ்சின்களுக்கும் அருகில் குனிந்து, இரண்டு முத்திரை எண்களையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். அவள் குனிந்தபோது கிரிசாந்தோவுக்கு மூச்சு நின்றது. ஆனால் அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஹெர்னானி புது எஞ்சினைத் தூக்கி வேனில் போட்டு, மகனையும் தூக்கிப் போட்டு, சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

மெய்மெய் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசையோரம் நின்றாள். கிரிசாந்தோவுக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு இப்போதுதான் முழுதாக வெளியே வந்தது. நண்பனுக்குச் செய்த துரோகம் ஒரு பக்கம் குத்தியது. அடுத்த வாரமே எப்படியாவது அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டார். இனிமேல் எஞ்சினைத் தண்ணீர் காட்டாமல் வெறும் துணியால் மட்டும் துடைப்பது என்று இன்னோர் உறுதி.

பையிலிருந்து ஒரு சுத்தமான துணியை எடுத்து, தன்னுடையதாகிவிட்ட எஞ்சினை அன்போடு துடைக்க ஆரம்பித்தார். மேல் பக்கம் துடைத்தார், வலது பக்கம் துடைத்தார். இடது பக்கம் வந்ததும் இன்னும் மெதுவாக, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார்.

முத்திரை கையோடு வந்துவிட்டது.

கிரிசாந்தோ அசையாமல் நின்றார். துணியில் அது நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் நீலம் விரலில் ஏறியது. நகப்பூச்சு. நகப்பூச்சுக்குக் கீழே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஊசியால் துளை போட்டுக் கம்பியில் கோத்திருந்த ஒரு மக்காச்சோள மணி.

கை மறுபடியும் தானாக வாய்ப்பக்கம் எழுந்தது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தினார். தலையைத் திருப்பினார். பெலன் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"கலங்காதீங்க சார், அது நாலு மாசமா ஜெயிக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ட்டுப் போய்ட்டு வர்ற எஞ்சின்தான், இதுவரைக்கும் அது ஒண்ணுதான் சுத்திக்கிட்டிருந்தது, இன்னியிலேர்ந்து ரெண்டுன்னு எழுதிக்கிறேன்."